முகம் தெரிகிறது, முகவரி தெரியுமா?

முன்பெல்லாம் இந்த நுகர்வோர் கேள்வி-பதில் பகுதிக்கு எடைக் குறைவு, கலப்படம், எம்ஆர்பிக்கு மேல் ஐந்து ரூபாய் வாங்கிய கேன்டீன் என்றுதான் எழுதுவீர்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி போனில் வாங்கியதையும் போனில் விற்றதையும் பற்றி. அதிலிருந்து ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, இன்ஸ்டாகிராமில் லைவ் போட்டுப் புடவை விற்கும் ஒருவரிடம் ‘கைத்தறி, பியூர் சாஃப்ட் சில்க்’ என்று காட்டிய புடவையை 3,450 ரூபாய்க்கு வாங்கினேன். ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, முழுப் பணத்தையும் ஜிபேயில் போட்டேன். வந்தது வேறு நிறம். துணியும் நைலான் மாதிரி வழுக்குகிறது. கேட்டால், ‘ஓப்பனிங் வீடியோ இருக்கா? நோ ரிட்டர்ன்னு பேஜ்லயே போட்டிருக்கோமே’ என்றார். மறுநாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். போனது போனதுதானா?
(வாசகி, நாமக்கல்)

பதில்: விட்டுவிடாதீர்கள், வழி இருக்கிறது.

‘நோ ரிட்டர்ன்’ என்று பேஜில் எழுதிவிட்டால் அதோடு முடிந்தது என்று விற்பவர்கள் நினைக்கிறார்கள். நாமும் அதை நம்பி அடங்கிப்போகிறோம். வாங்கிய பிறகு மனசு மாறிவிட்டது, வீட்டில் பிடிக்கவில்லை என்று சொன்னால் அந்த வரி செல்லும். சொன்னது ஒன்று, அனுப்பியது ஒன்று என்றால் செல்லாது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருள், பழுதான பொருள், போலிப் பொருள், சொன்ன நாளைத் தாண்டி வந்த பொருள், இவற்றைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றோ பணம் தர மாட்டேன் என்றோ விற்பவர் மறுக்கக் கூடாது. ‘நான் என்ன பெரிய கம்பெனியா, வீட்டிலிருந்து விற்கிறேன்’ என்ற பதிலும் எடுபடாது. வீட்டில் கிடந்த பழைய சோபாவை ஒரு தடவை விற்றவரை அந்த விதி கட்டுப்படுத்தாது. தொடர்ந்து லைவ் போட்டு வியாபாரமாகச் செய்பவரைக் கட்டுப்படுத்தும்.

ஓப்பனிங் வீடியோ என்பது விற்பவர்கள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம், சட்டம் கேட்பதில்லை. அவர்கள் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். புடவையைக் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டு, மடித்து ‘டேமேஜ்’ என்று திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர்களால் நொந்துபோன சின்ன வியாபாரிகளை நான் அறிவேன். அதனால் இனிமேல் பார்சலைப் பிரிக்கும்போது யாரையாவது போனைப் பிடிக்கச் சொல்லுங்கள். முகவரிச் சீட்டு முதலில் தெரியட்டும், அப்புறம் கத்தரிக்கோல். இரண்டு நிமிட வேலைதான். இந்தத் தடவை வீடியோ இல்லை என்பதற்காக உங்கள் உரிமை போய்விடவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பார்சல் வந்த கவர் வீட்டில் இருக்கிறதா? குப்பையில் போட்டிருந்தால் இப்போதே போய்த் தேடுங்கள். அதில் ஒட்டியிருக்கும் கொரியர் சீட்டில் ‘ஃப்ரம்’ என்ற இடத்தைப் பாருங்கள். லைவில் அந்தப் பெண்ணின் முகத்தை நூறு தடவை பார்த்திருப்பீர்கள், அவருடைய வீட்டு நாய்க்குட்டியின் பெயர்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் நோட்டீஸ் அனுப்ப முகத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, முகவரிதான் வேண்டும். அந்தச் சீட்டில் பெரும்பாலும் அது இருக்கும். சீட்டு கிடைக்காவிட்டால் ஜிபே பரிமாற்றத்தைத் திறந்து பாருங்கள். வங்கிக் கணக்கில் பதிவான பெயரும் 12 இலக்கப் பரிமாற்ற எண்ணும் அங்கே நிற்கும். பில்லில் ஜிஎஸ்டி எண் போட்டிருந்தால் இன்னும் நல்லது. 15 எழுத்துகளில் முதல் இரண்டு 33 என்றால் தமிழ்நாட்டில் பதிவானது. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணை அடித்தால் நிறுவனத்தின் பெயரும் இடமும் வந்துவிடும். சின்ன அளவில் விற்பவர்களுக்கு அந்தப் பதிவு கட்டாயம் இல்லை என்பதால், எண் இல்லை என்றாலே ஏமாற்றுக்காரர் என்று முடிவுகட்ட வேண்டாம்.

வாட்ஸ்அப் உரையாடலை அப்படியே எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். பேஜில் புடவையைப் பற்றி அவர் எழுதியதை, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிளாக் செய்திருப்பதால் வீட்டில் வேறொருவர் போனிலிருந்து எடுக்கலாம். அவர் அழிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும்.

துணியைப் பற்றியும் ஒரு சந்தேகம் தீர்த்துக்கொள்ளுங்கள். முந்தானைக் குஞ்சத்திலிருந்து இரண்டு இழை உருவி, எவர்சில்வர் தட்டின் மேல் பிடித்துக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், மிஞ்சுவது விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பல். பாலியெஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு, கடுகு மாதிரி கெட்டியான மணியாக நிற்கும். அடுத்தது புடவையின் கரையோரம். கைத்தறியில் நெய்ததென்றால் ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னத் துளைகள் பெரும்பாலும் ஓரத்தில் தெரியும். இதெல்லாம் உங்களுக்குத் தெளிவு வர. நுகர்வோர் ஆணையத்தின் முன் வைக்க, வாங்கும்போது என்ன சொன்னார் என்பதன் பதிவுதான் பலம். அடுத்த முறை பட்டு என்றால் சில்க் மார்க் முத்திரை, கைத்தறி என்றால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் போடுங்கள். முதலாவது 2004 முதலும் இரண்டாவது 2006 முதலும் இருக்கின்றன. இளம்பிள்ளை உங்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? அங்கே விசைத்தறியில் கலப்பு நூலில் நெய்யும் புடவைகளும் அழகாகத்தான் இருக்கின்றன. கலப்பு என்று சொல்லி விற்றால் அதில் தவறே இல்லை. அதைக் கைத்தறிப் பட்டு என்று சொல்லி விற்பதுதான் தவறு.

எல்லாம் கையில் வந்ததும் 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் எழுதி, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கூடவே 1915-க்குப் பேசுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். இதற்கும் மசியவில்லை என்றால் நாமக்கல்லிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பெரும்பாலும் விற்பவர் இருக்கும் ஊரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. சூரத்தில் இருக்கும் கடை மேல் நாமக்கல்காரர் எங்கே போய் வழக்குப் போடுவது? 2019 சட்டம் அதை மாற்றி, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்றது. வீட்டில் உட்கார்ந்தபடி வாங்குகிற காலத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவே பதியலாம். இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும்.

கேள்வி: கும்பகோணத்தில் 22 வருடமாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எப்போதும் வாங்குகிறவர்கள் பக்கமே பேசுகிறீர்கள், எங்களைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்கள் அம்மா. கடைக்கு வருகிறார்கள், குக்கரை எடுத்துத் தட்டிப் பார்க்கிறார்கள், மூடியைப் போட்டுக் கழற்றிப் பார்க்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் ‘ஆன்லைன்ல முந்நூறு ரூபா கம்மியா இருக்கே’ என்று போய்விடுகிறார்கள். நான் ஷோரூம் நடத்துகிறேனா, கடை நடத்துகிறேனா?
(கடைக்காரர், கும்பகோணம்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் கேட்பது நியாயம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானது. அதே வருடம் யுபிஐ வந்தது, நவம்பரில் நோட்டுத் தடையும் வந்தது. 2020-ல் ஊரடங்கில் கடைக்கதவுகள் மூடிக் கிடந்தபோது, அதுவரை போனில் வாங்கியே பழகாதவர்கள்கூட வாங்கப் பழகினார்கள். நாலைந்து வருடத்தில் நடந்த மாற்றம் இது. உங்கள் வாடிக்கையாளர் கெட்டவராகிவிடவில்லை. விலையை ஒப்பிட முன்பு பெரிய கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்குவார், இப்போது உங்கள் கடைக்குள்ளேயே நின்றுகொண்டு ஒப்பிடுகிறார்.

பெரிய தளங்கள் தங்களுக்கு வேண்டிய விற்பனையாளர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, தாங்க முடியாத தள்ளுபடியில் விற்கிறார்கள் என்று சின்ன வியாபாரிகள் சொல்வதை வெறும் புலம்பல் என்று தள்ள முடியாது. 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டின் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டதே அந்தப் புகாரின் பேரில்தான்.

ஆனால் அந்த முந்நூறு ரூபாயோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் எண்ணம். போன வருடம் எங்கள் வீட்டு ஐந்து லிட்டர் குக்கரின் கேஸ்கெட் போய்விட்டது. நான் போனில் ஆர்டர் போட்டேன். வந்தது சின்னது. திருப்பி அனுப்பி இன்னொன்று வாங்கினேன், அது தொளதொளவென்று நின்றது. பத்து நாள் சட்டியில் பருப்பு வேகவைத்த பிறகு, மூடியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் மூடியைத் திருப்பி, உள் பள்ளத்தில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினார். அளவு எதுவும் கேட்கவில்லை. சுவரில் ஆணியில் மாட்டியிருந்த கொத்திலிருந்து ஒன்றை உருவிப் பொருத்தினார். ‘வெயிட் வால்வும் தேஞ்சிருக்கும்மா, அதையும் மாத்திடுங்க, இல்லாட்டி ஆபத்து’ என்றார். அந்த வால்வு தேய்ந்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அடுத்த மாதம் பெரிய குக்கரை அவரிடம்தான் வாங்கினேன். ஆன்லைனில் என்ன விலை என்று பார்க்கக்கூட இல்லை.

உங்களிடம் இருப்பது இதுதான். இதைப் போனிலும் தெரியப்படுத்துங்கள். கூகுள் மேப்பில் உங்கள் கடை இருக்கிறதா, திறக்கும் நேரம் சரியாக இருக்கிறதா, இருக்கும் நம்பர் உங்களுடையதுதானா என்று இன்றைக்கே பாருங்கள். காசு செலவில்லை. கடையில் இருக்கும் சரக்கை வாட்ஸ்அப் பிசினஸில் விலையோடு படம் போடுங்கள், ‘எல்லா கம்பெனி குக்கருக்கும் கேஸ்கெட், வால்வு, கைப்பிடி மாற்றித் தரப்படும்’ என்பதை முதல் வரியாகப் போடுங்கள். எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் எட்டாவது வரை படித்தவர். லிஸ்ட்டைக் காகிதத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் சாயங்காலம் பெட்டி வீட்டுக்கு வந்துவிடும். போன வாரம் எனக்கு அனுப்பிய குரல் செய்தியில், ‘கடலைப்பருப்பு இந்த மூட்டை நல்லால்லம்மா, ரெண்டு நாள் பொறுங்க’ என்றார். பெரிய தளம் எதிலிருந்தும் எனக்கு இப்படி ஒரு செய்தி வந்ததில்லை.

உங்கள் சரக்குக்குப் பக்கபலமாக இன்னொரு விஷயமும் உண்டு. வீட்டு உபயோக பிரஷர் குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அது இல்லாத குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்க விட்டதற்காக 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அமேசான் வழியாக மட்டும் அப்படி 2,265 குக்கர்கள் போயிருந்தன. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்கவும் உத்தரவு போட்டார்கள். ஃபிளிப்கார்ட் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. உங்கள் கடையில் இருக்கும் குக்கரைக் கவிழ்த்து, அந்த முத்திரையை வாடிக்கையாளருக்குக் காட்டிப் பேசுங்கள். முந்நூறு ரூபாய் கம்மி என்று அவர் காட்டும் படத்திலும் அது இருக்கிறதா என்று சேர்ந்தே பாருங்கள்.

கேள்வி: வாஷிங் மெஷின் ரிப்பேருக்காக கம்பெனி பெயரை கூகுளில் அடித்து, முதலில் வந்த கஸ்டமர் கேர் நம்பருக்குப் பேசினேன். பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் என்று சொல்லி, ஒரு ஆப் இறக்கச் சொன்னார்கள். சிறிது நேரத்தில் கணக்கிலிருந்து 18,000 ரூபாய் போய்விட்டது. நடந்து மூன்று நாள் ஆகிறது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் 1930-க்குப் பேசுங்கள். சைபர் குற்றங்களுக்கான எண் அது. சைபர் குற்றத் தளத்திலும் பதிந்து, அந்தப் புகார் எண்ணோடு வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். கையெழுத்து, முத்திரையோடு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால் வழியில் எங்காவது நிறுத்த முடியும். முதல் ஒரு மணி நேரத்தில் சொல்வதற்கும் மூன்றாம் நாள் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஆனாலும் மூன்றாம் நாளாவது சொல்லுங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் ஒருவர் புகுந்து எடுத்திருந்தால், மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டமே வரக் கூடாது. நீங்களே பின் நம்பரையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது உங்கள் நஷ்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் வெட்கத்தில் தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் காசு. நீங்கள் இறக்கியது உங்கள் போன் திரையை அவர்களுக்குக் காட்டும் ஆப்பாக இருக்க வேண்டும். உடனே அழித்துவிட்டு, வேறொரு போனிலிருந்து எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கூகுளில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், காசு கட்டினால் யாரும் அங்கே வரலாம். மேப்பில் ஒரு கடையின் நம்பரை மாற்றச் சொல்லி வெளியாளே பரிந்துரைக்க முடியும். மோசடிக்காரர்கள் இந்த இரண்டு வழியிலும் நுழைகிறார்கள். கஸ்டமர் கேர் நம்பர் வேண்டுமென்றால் மெஷின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். இல்லையென்றால் வாரண்டி கார்டு, இல்லையென்றால் வாங்கிய கடையின் பில். அப்புறம், பணம் பெறுவதற்கு யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. ரீஃபண்ட் போடப் பின் நம்பரை அடியுங்கள் என்று சொன்ன கணமே போனை வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு ஹோட்டலில் சாம்பார் ஊசிப்போயிருந்தது. கூகுளில் ஒரு ஸ்டார் போட்டு எழுதினேன். உரிமையாளர் போன் செய்து, அழிக்காவிட்டால் மானநஷ்ட வழக்குப் போடுவேன் என்கிறார். பக்கத்திலேயே அந்த ஹோட்டலுக்கு நூற்றுக்கணக்கான ஐந்து ஸ்டார்கள் இருக்கின்றன. யாரைத்தான் நம்புவது?
(வாசகர், திருப்பூர்)

பதில்: நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால் பயந்து அழிக்க வேண்டாம். ‘இந்தத் தேதியில் மதியம் சாப்பிட்டேன், சாம்பார் புளித்துப் பொங்கியிருந்தது, சொன்னேன், மாற்றித் தரவில்லை’ என்பது உங்கள் அனுபவம். ‘திருடர்கள், விஷம் வைக்கிறார்கள்’ என்று எழுதியிருந்தால் மட்டும் அந்த வரிகளை எடுத்துவிடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், மிரட்டல் இனிமேல் எழுத்தில் வந்தால் அதையும். கெட்டுப்போன உணவுக்கு ஸ்டாரை விட மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு புகார் அதிகம் உதவும்.

ஐந்து ஸ்டார்கள் எப்படிக் கிடைக்கின்றன என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். 400 ரூபாய்க்கு வாங்கிய சார்ஜர் டப்பாவுக்குள் விசிட்டிங் கார்டு அளவில் பளபளவென்று ஒரு அட்டை. ‘5 ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 100 ரூபாய் கேஷ்பேக்.’ சார்ஜர் அப்போது மின்சாரத்தையே பார்த்திருக்கவில்லை. விற்பவரே வாடிக்கையாளர் வேடத்தில் எழுதுவதை 2020 மின்வணிக விதிகள் தடுக்கின்றன. இந்திய தர நிர்ணய அமைப்பு 2022-ல் விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்று ஒரு தரத்தையும் கொண்டுவந்தது. ஆனால் அது விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் வந்தது. நான் ஐந்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு மூன்று ஸ்டார் கொடுத்தவர்களைப் படிக்கிறேன். அவர்களுக்குப் புகழவும் அவசரமில்லை, திட்டவும் அவசரமில்லை. ‘சத்தம் கொஞ்சம் அதிகம், ஆனால் துணி நன்றாகத் துவைக்கிறது’ என்று எழுதுபவர் அந்த மெஷினை நிஜமாகவே வைத்திருப்பவர்.

கேள்வி: அப்பாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. யூடியூபில் ஒருவர் ‘90 நாளில் மாத்திரையே வேண்டாம்’ என்று சொல்லும் மூலிகைப் பொடியை மூன்று டப்பா வாங்கி, டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். நாங்கள் சொன்னால் கோபப்படுகிறார். டப்பாவில் அரசு நம்பர் இருக்கிறது என்கிறார்.
(வாசகி, வேலூர்)

பதில்: அம்மா, நாளைக் காலையிலேயே அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பொடியையும் டப்பாவோடு எடுத்துப்போங்கள். சர்க்கரை எகிறினாலும் பல சமயம் உடம்பு சத்தம் போடாது, சிறுநீரகத்திலும் கண்ணிலும்தான் பிறகு தெரியும்.

அப்பா சொல்லும் அரசு நம்பர் அநேகமாக 14 இலக்கத்தில் இருக்கும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணாக இருக்கும். அப்பளத்துக்கும் ஊறுகாய்க்கும் அதே மாதிரி எண்தான். தயாரிப்பவர் உரிமம் வைத்திருக்கிறார் என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லவில்லை. அதைத் தின்றால் சர்க்கரை இறங்கும் என்பதற்கு அது சான்று கிடையாது. அப்படிச் சொல்லி விளம்பரம் செய்வதே குற்றம். 1954-ல் வந்த மருந்து மற்றும் மந்திர சிகிச்சை விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலிலேயே நீரிழிவு இருக்கிறது. அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்டில் பாட்டிலோடு நின்று பேசியவர்களையும் பத்திரிகை விளம்பரங்களையும் மனதில் வைத்து எழுதிய சட்டம், இன்றைக்கு யூடியூபுக்கும் பொருந்தும். காசு வாங்கிக்கொண்டு புகழ்ந்தால், இது விளம்பரம் என்று பார்ப்பவருக்குப் புரியும்படி அவர் சொல்ல வேண்டும் என்றும் 2023 ஜனவரியில் அரசு வழிகாட்டுதல் வந்துவிட்டது. தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். வீடியோவின் இணைப்போடு 1915-ல் புகார் கொடுங்கள்.

அப்பாவின் கோபத்தையும் புரிந்துகொள்ளுங்கள். 15 வருடமாக மாத்திரை தின்று அலுத்துப்போனவரிடம், ஒருவர் தினமும் காலையில் ‘வணக்கம் சொந்தங்களே’ என்று பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி பேசுகிறார். டாக்டர் அறையில் கிடைப்பது ஐந்து நிமிடம். சண்டை போட்டு டப்பாவைப் பிடுங்கினால் ஒளித்துவைத்துச் சாப்பிடுவார். ‘பொடி வேலை செய்கிறதா என்று நாமே பார்த்துவிடுவோம்பா’ என்று சொல்லி, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். சீட்டில் இருக்கும் எண்ணை அவரே படிக்கட்டும்.

கேள்வி: துணிக்கடையில் பில் போடும்போது போன் நம்பர் கொடுத்தால்தான் பில் வரும் என்கிறார்கள். கொடுத்தால் தினமும் நாலு மெசேஜ். மறுக்க முடியுமா?
(கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: தாராளமாக மறுக்கலாம். நம்பர் கேட்டு வற்புறுத்த வேண்டாம் என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை வியாபாரிகளுக்கு அறிவுரை அனுப்பியிருக்கிறது. பொருளை விற்றுவிட்டு பில் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. வாரண்டி உள்ள பொருளுக்கு மட்டும் நம்பர் கொடுப்பது உங்களுக்கே நல்லது. சுடிதாருக்கு எதற்கு?

தீபாவளிக் கூட்டத்தில் வரிசையில் நின்றுகொண்டு நான் இதைச் சொன்னபோது, பில் போட்ட பெண் திருதிருவென்று விழித்தார். ‘நம்பர் போடாம சிஸ்டம் விடாதுக்கா, மேனேஜர் திட்டுவாரு’ என்றார். அவரிடம் கோபப்பட்டு என்ன பயன்? மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து, கடையின் சொந்த நம்பரை அடித்து பில்லைக் கிழித்துக் கொடுத்தார். நீங்களும் மேனேஜரையே கேளுங்கள்.